பலகையைக் கீழிருந்து படியுங்கள்

கிராஃப்ட் பீர் கடைகளில் சுவரோடு ஒரு பலகை இருக்கும். குழாய் எண், பீரின் பெயர், காய்ச்சிய ஆலை, வகை, ஆல்கஹால் அளவு, விலை எல்லாம் அதில் எழுதியிருக்கும். சிங்கப்பூரில் பெரும்பாலும் மேல்வரிகளில் லாகர், பேல் ஏல், ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) ஆகியவை நிற்கும். கீழே வரவர விட், சேசான், கோஸா, போர்ட்டர், ஸ்டவுட் என்று பெயர்கள் மாறும். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் மூன்று வரியிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். லாகர் பழகிய சுவை. ஐபிஏ என்றால் கிராஃப்ட் பீர், கிராஃப்ட் பீர் என்றால் ஐபிஏ என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது.

இந்த அத்தியாயம் அந்தக் கீழ்வரிகளுக்கானது. காரமும் புளியும் உப்பும் தூக்கலாகச் சாப்பிடுகிற நமக்கு அங்கே இருப்பவைதான் அதிகம் ஒத்துப்போகும் என்பது என் உறுதியான கருத்து. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஒரு கிளாஸ் குடிக்கலாம் என்று கிளம்புகிறவருக்கு ஐபிஏ கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும்.

காரமும் கசப்பும்

ஐபிஏவின் உயிர் ஹாப்ஸ் பூவில் இருக்கிறது. அதுதான் கசப்பையும், மாம்பழம், எலுமிச்சைத் தோல், பைன் மரப்பிசின் போன்ற மணங்களையும் தருகிறது. வெறும் வாயில் குடிக்கும்போது அருமையாக இருக்கும். மிளகாய் ஏறிய நாக்கில் கதை வேறு. கசப்பு எரிச்சலை ஆற்றாது, இன்னும் கூர்மையாக்கும். பீரில் உள்ள வாயுவும் நாக்கைக் குத்தும். மிளகாயின் காரம் ஆல்கஹாலில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் 5 அல்லது 6 சதவீத பீரில் அதைக் கரைத்துத் துடைக்கும் அளவுக்கு ஆல்கஹால் கிடையாது. மட்டன் சுக்காவோடு ஐபிஏ குடிப்பவர் கறியின் மசாலாவையும் இழக்கிறார், பீரின் மணத்தையும் இழக்கிறார்.

காரத்தைத் தணிப்பது மால்ட்டின் மெல்லிய இனிப்பு. முளைகட்டி வறுத்த பார்லியிலிருந்து வருவது அது. வறுப்பு ஏற ஏறப் பிஸ்கட், கருப்பட்டி, கோப்பி, கருகல் என்று சுவை மாறிக்கொண்டே போகும். சுக்காவிலும் பெப்பர் கோழியிலும் ஏற்கெனவே வறுத்த மணம் இருக்கிறது. போர்ட்டர் அதோடு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஐபிஏவுக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. ஹாப்ஸின் மணம் சீக்கிரம் போய்விடும், வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் போகும். கடல் கடந்து வந்து, வெயிலில் ஒரு நாள் கிடங்கு வாசலில் நின்ற டப்பாவில் மிஞ்சுவது கசப்பு மட்டுமே. வெளிநாட்டு ஐபிஏ வாங்கியே தீர வேண்டுமென்றால் டப்பாவின் அடியைத் திருப்பி அடைத்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வைத்துவிடுங்கள். வறுத்த மால்ட்டை நம்பி நிற்கும் ஸ்டவுட்டுக்கு இந்தப் பயம் குறைவு.

நம் வட்டாரத்துக் கரும்பீர்

முதலில் சொல்ல வேண்டியது கிராஃப்ட் பீரே அல்லாத ஒன்றைப் பற்றி. கோப்பிக்கடைக் குளிர்பெட்டியில் டைகருக்குப் பக்கத்தில் நிற்கும் ஏபிசி ஸ்டவுட். பெரிய ஆலைச் சரக்குதான், 8 சதவீதம். வயதானவர்கள் குடிப்பது என்று இளையவர்கள் ஒதுக்கிவைத்த பாட்டில். இருந்தாலும் இந்தப் பயணத்தை அங்கிருந்து தொடங்கச் சொல்வேன்.

1931-ல் ஃபிரேசர் அண்ட் நீவும் ஹைனெக்கனும் கூட்டாக மலாயன் புரூவரீஸ் நிறுவனத்தை ஆரம்பித்தன. அடுத்த ஆண்டு டைகர் பீர் வந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் ஜெர்மன் முதலீட்டில் ஆர்க்கிபெலகோ புரூவிங் கம்பெனி எழுந்தது. ஆங்கர் பீர் அவர்களுடையது. ஏபிசி என்பது அந்தக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். 1941-ல், போரின் நடுவே, அது எதிரி நாட்டுச் சொத்தாகப் பறிமுதலாகி மலாயன் புரூவரீஸ் கைக்குப் போனது. இன்று அலெக்சாண்டிரா சாலையில் ஆங்கர்பாயிண்ட் கடைத்தொகுதியைப் பார்க்கிறீர்களே, அந்தப் பெயர் அங்கே இருந்த பீர் ஆலையிலிருந்து வந்ததுதான். மலாயன் புரூவரீஸ் 1990-ல் ஏஷியா பசிபிக் புரூவரீஸ் ஆனது. 2012-ல் ஹைனெக்கன் அதை வாங்கிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டில் டப்ளினிலிருந்தும் லண்டனிலிருந்தும் வெப்ப நாடுகளுக்குக் கப்பலேறிய ஸ்டவுட் கெட்டியானது, கசப்பானது, நீண்ட பயணத்தைத் தாங்கக் காய்ச்சியது. இங்கே உள்ளூரில் ஆலைகள் வந்தபோது அவற்றிடம் இருந்தது லாகர் காய்ச்சும் கருவிகளும் லாகர் ஈஸ்ட்டும். அதைக் கொண்டே ஸ்டவுட் காய்ச்சினார்கள். கசப்பு குறைந்தது, இனிப்பு கூடியது, உடம்பு வழவழப்பானது. ஜமைக்காவிலும் இலங்கையிலும் இதே மாதிரி இனிப்பு கூடிய ஸ்டவுட் உருவானது. இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பாராட்டி எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் 2015-ல் வெளியிட்ட வகைப்பட்டியலில் ‘டிராபிக்கல் ஸ்டவுட்’ தனி வகையாக இடம்பெற்றது. அதற்குச் சான்றாகக் கொடுத்த பீர்களில் ஏபிசியும் லயனும் இருக்கின்றன.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட பீர் வகை இது. அதைக் கோப்பிக்கடையில் ஐஸ் கட்டி போட்டு, சுவை தெரியாமல் குடித்துவிட்டு, கிராஃப்ட் கடைக்குப் போய் கலிஃபோர்னியா பாணி ஐபிஏ கேட்கிறோம். எனக்கு இது வருத்தம் தருகிற விஷயம்.

ஏபிசியைச் சரியாகக் குடித்துப் பார்க்க ஒரு வழி: பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸ் வேண்டாம். கிளாஸைச் சாய்த்துப் பாதி ஊற்றி, நிமிர்த்தி மீதியை ஊற்றுங்கள். பழுப்பு நுரை ஒரு விரல் உயரம் நிற்கும். முதலில் மூக்கில் ஏறுவது வெல்லப்பாகு மணம். அதன் பிறகு வறுத்த பார்லி, கூடவே கொஞ்சம் உலர்ந்த திராட்சை. விழுங்கிய பின் 8 சதவீதமும் தொண்டையில் மெல்லச் சூடேற்றும். இரண்டு பேர் ஒரு பெரிய பாட்டிலைப் பகிர்ந்துகொள்வது நல்லது. ஸ்டவுட் குடித்தால் ரத்தம் ஊறும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று சொல்லும் பழைய நம்பிக்கையை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

இந்தச் சுவை நாக்கில் பதிந்தபின் கிராஃப்ட் பலகையின் அடிவரிக்குப் போனால் போர்ட்டரும் ஸ்டவுட்டும் பேசுவது புரியும். சிங்கப்பூரின் புரூலாண்டர் காய்ச்சும் ‘ரெஸ்பெக்ட்’ ஒரு நல்ல போர்ட்டர். இனிப்பு அளவாக இருக்கும், வறுப்பு தெரியும், கருகல் மிஞ்சாது. ஆட்டுக்கறியோடு நான் முதலில் நீட்டுவது அதைத்தான்.

உப்பும் மல்லியும் போட்ட பீர்

கோஸா என்பது ஜெர்மனியின் கோஸ்லாரில் பிறந்து லைப்சிக்கில் வளர்ந்த கோதுமை பீர். லேசாகப் புளிக்கும், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கொத்தமல்லி விதை, கசப்பு மிகக் குறைவு. ஆல்கஹாலும் பெரும்பாலும் 4, 5 சதவீதத்துக்குள் நிற்கும். பெயரைக் கேட்டு மிரளுகிறவர்களுக்கு நான் சொல்வது: வெயிலில் அலைந்து வந்தவருக்குக் கொடுக்கும் நீர்மோர் என்ன வேலை செய்யுமோ அதைத்தான் இதுவும் செய்யும்.

இந்தப் பீருக்குச் சிங்கப்பூரோடு ஒரு தொடர்பு உண்டு. 2006-ல் ஏஷியா பசிபிக் புரூவரீஸ் ஆர்க்கிபெலகோ என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, உள்ளூர் மூலிகைகளும் மசாலாக்களும் சேர்த்த பீர்களோடு சிறு ஆலையாக மறுபடி தொடங்கியது. அதை உருவாக்க வந்த அமெரிக்கக் காய்ச்சுநர் ஃபால் ஆலன். அவர் பிறகு கலிஃபோர்னியாவின் ஆண்டர்சன் வேலி ஆலைக்குத் திரும்பி, அங்கே கோஸாவை டப்பாவில் அடைத்து அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவரானார். 2018-ல் கோஸாவைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சில ஆண்டுகள் இந்த ஊரின் மசாலாவோடு பீர் காய்ச்சியவர் கடைசியில் மல்லிவிதை போட்ட ஒரு பீருக்காகப் பேர் வாங்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கோஸாவை மெதுவடை, வறுத்த மீன், இறால் பொரியல் ஆகியவற்றோடு குடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு அறுத்துவிடும். மீன்தலைக் கறியோடும் நன்றாகச் சேரும். மவுண்ட் சோஃபியாவில் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி தொடங்கிவைத்து, ரேஸ் கோர்ஸ் சாலை உலகறியச் செய்த அந்தக் கறியின் உயிர் புளிதான். புளியோடு புளி மோதாது, ஒன்றையொன்று தாங்கும். பழக்கூழ் சேர்த்த இனிப்புக் கோஸாக்களும் இப்போது நிறைய வருகின்றன. கொய்யா, பேஷன்ஃபுரூட் என்று பெயர் இருந்தால் அவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டும் சேசானும் பெல்ஜியத்துப் பிள்ளைகள். விட்டில் ஆரஞ்சுத் தோலும் மல்லியும் இருக்கும். சேசான் இனிப்பே இல்லாமல் வறண்டு முடியும், ஈஸ்ட்டிலிருந்தே மிளகு மணம் வரும். பிரியாணிக்குச் சேசான். அவ்வளவுதான்.

யார் காய்ச்சுகிறார்கள்

சிங்கப்பூரில் வீட்டிலேயே பீர் காய்ச்ச 2004-ல் அனுமதி கிடைத்தது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்கக் கூடாது. இந்தச் சின்ன விதிமாற்றத்திலிருந்து ஒரு தலைமுறைக் காய்ச்சுநர்கள் புறப்பட்டார்கள். புரூலாண்டரைத் தொடங்கிய ஜான் வெய் அப்படி வீட்டில் காய்ச்சிப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். ஆரம்பத்தில் கம்போடியாவில் ஓர் ஆலையில் காய்ச்சிக் கொண்டுவந்தார். பிறகு துவாஸில் சொந்த ஆலை வந்தது. அவருடைய ‘லவ்’ ஒரு வைல்டு ஐபிஏ. பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டில் ஊறியது. அன்னாசி மணமும் லேசான மண்வாசமும் இருக்கும். ஐபிஏவை விடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நண்பரை வேறு பக்கம் திருப்ப இதைவிட நல்ல பாலம் இல்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி 1997-ல் ரிவர்சைடு பாயிண்டில் ஆற்றைப் பார்த்துத் திறந்த புரூவர்க்ஸ். அவர்களுடைய பெயர்போன பீர் இந்தியா பேல் ஏல். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது ‘நியூபுரூ’. பொதுப் பயனீட்டுக் கழகத்தோடு சேர்ந்து, கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரில் காய்ச்சிய பீர் அது. 2018-ல் ஒரு தண்ணீர் மாநாட்டில் முதன்முதலாக வெளிவந்தது, 2022 ஏப்ரலில் கடைக்கு வந்தது. கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியூவாட்டர் நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்ற மூன்று கட்டங்களைத் தாண்டி வருவது. காய்ச்சுநருக்கு அது தாதுக்கள் ஏறக்குறைய இல்லாத வெற்றுத் தண்ணீர், வேண்டியதைத் தானே சேர்த்துக்கொள்ளலாம். மெல்லிய பிளாண்ட் ஏல் அது. இட்லிக்கடைச் சட்னிக் காரத்தைக்கூடத் தொந்தரவு செய்யாது. சின்ன அளவில் காய்ச்சுவதால் எப்போதும் கிடைக்காது, கண்டால் விடாதீர்கள்.

கிரஸ்ட் என்ற நிறுவனமும் வீணாவதைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணத்தில் பிறந்ததுதான். டிராவின் சிங் 2019-ல் தொடங்கியது. விற்காமல் மிஞ்சும் ரொட்டியை மால்ட்டின் ஒரு பங்குக்குப் பதிலாகப் போட்டுக் காய்ச்சினார்கள். ரொட்டியும் தானியம்தான், அதன் மாவுச்சத்தும் சர்க்கரையாகும், சர்க்கரை பீராகும்.

எங்கே போவது

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். ரேஸ் கோர்ஸ் சாலையில் சாப்பாட்டை முடித்துவிட்டு சிராங்கூன் சாலையைக் கடந்து, ஜாலான் புசாரையும் தாண்டினால் டிர்விட் சாலை. பதினைந்து நிமிட நடை. அங்கே 119ஆம் எண்ணில் சீன மருந்து வணிகர் சங்கத்தின் பழைய கட்டடம், அதன் கீழ்த்தளத்தில் டிரக்கிஸ்ட்ஸ். 23 குழாய்கள். சங்கத்தின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், உள்ளே பழைய கோப்பிக்கடை மேசை நாற்காலிகள். 23 குழாய் என்றால் கீழ்வரிகளுக்கும் இடமுண்டு என்று பொருள். இதே ஜாலான் புசாரில்தான் 2013-ல் ‘1925’ என்ற சிற்றாலை தன் உணவகத்தோடு தொடங்கியது. கிராஃப்ட் கடைகள் இந்த ஊரில் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கிளம்பும் முன் கடையின் பக்கத்தைப் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னோர் இடம் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், சிங்கப்பூரின் மிகப் பெரிய உணவங்காடி நிலையம். இரண்டாம் தளத்தில் 2011-ல் டேனியல் கோ திறந்த குட் பீர் கம்பெனிதான் உணவங்காடியில் கிராஃப்ட் பீர் விற்ற முதல் கடை. பிறகு குழாய் பீரோடு ஸ்மித் ஸ்ட்ரீட் டாப்ஸ் வந்தது. குளிர்சாதனம் கிடையாது, மேலே காற்றாடி, பக்கத்தில் வாத்து வெட்டும் சத்தம். மாலையில்தான் போக வேண்டும். மதுக்கூடத்தில் கொடுக்கும் விலைக்கு இங்கே பீரோடு சாப்பாடும் சேரும்.

உணவங்காடியில் இரண்டு மரியாதைகள் முக்கியம். ஹலால் கடையில் வாங்கிய தட்டின் மீதோ தட்டத்தின் மீதோ பீர் கிளாஸை வைக்காதீர்கள். ஹலால் தட்டங்களைத் திருப்பி வைக்கும் இடமும் தனி. முஸ்லிம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் மேசையில் இடம் கேட்கும்போது கையில் பாட்டில் இருந்தால் வேறு மேசை தேடுவதே அழகு. தேக்கா நிலையத்தில் இது இன்னும் பொருந்தும்.

எந்தக் கடையானாலும் முதலில் “கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். நல்ல கடை மறுக்காது. அடுத்து “இந்தப் பீப்பாய் எப்போது திறந்தது?” என்று கேளுங்கள். குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது தொழிலில் ஏற்றுக்கொண்ட அளவுகோல். வெண்ணெய் நாற்றமோ காடி வாசமோ தெரிந்தால் (புளிப்பு பீர் அல்லாத ஒன்றில்) தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பலகையில் மூன்று வகை பிடித்திருந்தால் பைண்ட் வேண்டாம், அரைக் கிளாஸ்களாக வாங்குங்கள்.

விலை ஏன் இப்படி

கிராஃப்ட் பீர் ஒரு பைண்ட் 15 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். கடைக்காரர் மட்டும் காரணம் இல்லை. சிங்கப்பூரில் பீருக்கான கலால் வரி, அதிலுள்ள தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி. 500 மில்லி கிளாஸில் 5 சதவீத பீர் என்றால் 25 மில்லி ஆல்கஹால், வரி 1 வெள்ளி 50 காசு. அதே அளவில் 8 சதவீத ஸ்டவுட்டுக்கு 2 வெள்ளி 40 காசு. வெளிநாட்டிலிருந்து வந்தால் தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 16 வெள்ளி சுங்க வரி தனி. இது ஆலை வாசலிலேயே விழும் தொகை, இதன் மேல்தான் வாடகையும் லாபமும் ஏறும். பட்டியலில் 15++ என்று போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணம், அதன் மேல் 9 சதவீத பொருள் சேவை வரி. கையை விட்டுப் போவது ஏறக்குறைய 18 வெள்ளி.

வரி ஆல்கஹாலைப் பார்த்துப் போடப்படுகிறது, சுவையைப் பார்த்து அல்ல. 4 சதவீதக் கோஸாவில் காய்ச்சுநரின் உழைப்பு குறையவில்லை, வரி மட்டும் குறைகிறது. கொடுக்கும் காசில் அதிகப் பங்கு பீருக்கே போவது மெல்லிய பீரில்தான். தேக்காக் கடைகளில் வேலை முடிந்த களைப்போடு நம் ஆட்கள் 8, 9 சதவீத ஸ்ட்ராங் பீரையே தேடுகிறார்கள். கொடுத்த காசுக்குச் சீக்கிரம் ஏற வேண்டும் என்ற கணக்கு புரிகிறது. மாதத்தில் ஒரு நாளாவது அந்தக் கணக்கை மறந்து மெல்லிய பீர் ஒன்றை மெதுவாகக் குடித்துப் பாருங்கள் என்பது அவர்களுக்கு என் வேண்டுகோள்.

சட்டம்

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடைகளில் எடுத்துப்போக மது விற்கவும் கூடாது. 2013 டிசம்பர் 8-ல் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் என்பதால் அங்கே கெடுபிடி கூடுதல். சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள், அதற்கு முந்தைய நாள் ஆகியவற்றில் இரவு 7 மணிக்கு மேல் கடையில் வாங்கி எடுத்துச் செல்ல முடியாது. தண்டனையும் மற்ற இடங்களைவிட ஒன்றரை மடங்கு. உரிமம் உள்ள உணவகத்திலோ மதுக்கூடத்திலோ உட்கார்ந்து, அவர்களுக்கு அனுமதித்த நேரத்துக்குள் குடிப்பதற்கு இந்தத் தடை இல்லை. பாதி குடித்த கிளாஸோடு வாசலுக்கு வந்து நடைபாதையில் நிற்பதுதான் சிக்கலில் மாட்டும் வழி.

வண்டி ஓட்டுபவர்களுக்கு வரம்பு 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் ஆல்கஹால். எத்தனை கிளாஸில் அந்த அளவு வரும் என்று கணக்குப் போட வேண்டாம், வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். டிர்விட் சாலைக்கு ஃபேரர் பார்க், ஜாலான் புசார், பெண்டமியர், லாவெண்டர் என்று நான்கு எம்ஆர்டி நிலையங்கள் நடை தூரத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு டப்பா வாங்கிப் போகிறவர்கள் சனி, ஞாயிறுகளில் தேக்காவில் மாலை 7 மணிக்குள் வாங்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள், மூடியைத் திறப்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.